மூடிய மூன்று சக்கர வண்டி: அமெரிக்காவில் எந்த லைசன்ஸ், எங்கே ஹெல்மெட்

அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் வரும். கார் லைசன்ஸ் போதுமா? ஹெல்மெட் போட வேண்டுமா? பலரும் ஒன்றுக்குப் பதில் கிடைத்ததும் அதையே இன்னொன்றுக்கும் பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். "கார் லைசன்ஸே போதும்னு டீலர் சொல்லிட்டார், அப்புறம் ஹெல்மெட் எதுக்கு?" என்று கேட்பார்கள். அபராதச் சீட்டு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். லைசன்ஸ் எது என்பதைப் பொதுவாக ஸ்டீயரிங்கும் சீட்டும் முடிவு செய்கின்றன. ஹெல்மெட் வேண்டுமா என்பதைக் கூரையும் கதவும் முடிவு செய்கின்றன. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

மத்திய அரசின் கணக்கில் விஷயம் சுருக்கமானது. சீட்டோ சேணமோ இருந்து, தரையில் மூன்று சக்கரத்துக்கு மேல் படாமல் ஓடும் மோட்டார் வண்டி எதுவானாலும் அது மோட்டார்சைக்கிள்தான். கதவு, ஏசி, ஸ்டீயரிங் எல்லாம் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. கார் மாதிரி உட்கார்ந்து ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்கான 'ஆட்டோசைக்கிள்' என்ற வகை மத்திய விதிகளில் கிடையாது; அது மாநிலங்கள் உண்டாக்கிக்கொண்டது. இதனால் வாங்குபவருக்கு ஒரு நேரடி விளைவு உண்டு. காருக்குக் கட்டாயமான ஏர்பேக், பக்கவாட்டு மோதல் சோதனை, கூரை நசுங்கல் சோதனை எதுவும் இந்த வண்டிக்குக் கட்டாயமில்லை. பார்க்கக் குட்டிக் கார் மாதிரி இருக்கும். பாதுகாப்பு அளவுகோல் பைக்கினுடையது. ஏர்பேக் இருக்கிறதா என்று விற்பவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

முதல் வேலை: வண்டியில் ஒட்டியிருக்கும் சான்று லேபிள்

பணம் கொடுப்பதற்கு முன் லேபிளைத் தேடிப் படியுங்கள். சாலைக்குத் தகுதியான வண்டி ஒவ்வொன்றிலும் தயாரிப்பாளர் ஒட்டிய லேபிள் இருக்க வேண்டும். அதில் தயாரிப்பாளர் பெயர், தயாரித்த மாதமும் ஆண்டும், வண்டியின் மொத்த எடை வரம்பு, 17 எழுத்து-எண்கள் கொண்ட வின் எண் (வண்டியின் அடையாள எண்), மத்தியப் பாதுகாப்புத் தரங்களுக்கு உட்பட்டது என்ற உறுதிமொழி ஆகியவற்றோடு, வண்டி வகை என்ற இடத்தில் மோட்டார்சைக்கிள் என்றும் இருக்கும்.

இணையத்தில் "லைசன்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்" என்று விற்கப்படும் மூடிய மின்சார மூன்று சக்கர வண்டிகள் பலவற்றில் இந்த லேபிள் இருப்பதில்லை. வின் இருந்தாலும் 17 இடம் தேறாது. இப்படிப்பட்ட வண்டியை மோட்டார்சைக்கிளாகப் பதிவு செய்யப் போனால் டிஎம்வி என்ற மாநில வாகனப் பதிவுத் துறையின் கவுண்டரில் நின்றுவிடும். விற்பவர் "இது குறைந்த வேக வண்டி, அதற்குத் தனி விதி" என்று சமாளிக்கலாம். மணிக்கு 20 முதல் 25 மைல் வரை ஓடும் குறைந்த வேக வண்டி என்ற வகை மத்திய விதியில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது நான்கு சக்கர வண்டிகளுக்கு மட்டும். ஒரு சக்கரம் குறைந்தால் அந்த வாசல் அடைந்துவிடும்.

இரண்டாவது: உங்கள் மாநிலத்தின் இலக்கணத்தில் வண்டி பொருந்துகிறதா

ஆட்டோசைக்கிளுக்கு மாநிலச் சட்டங்கள் சொல்லும் அடையாளங்கள் ஏறத்தாழ ஒரே குடும்பம். ஹேண்டில்பார் இல்லாமல் ஸ்டீயரிங் வீல் இருக்க வேண்டும். பைக் மாதிரி கால் இருபுறமும் போட்டு உட்காராத சீட் வேண்டும். ஆளுக்கு ஒரு சீட் பெல்ட் வேண்டும். இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்கிறது. ஃபுளோரிடா முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் கேஜ் அல்லது ரோல் ஹூப், ஏபிஎஸ் பிரேக் இரண்டும் கேட்கிறது. அதாவது முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டி ஃபுளோரிடாவில் ஆட்டோசைக்கிள் ஆகாது. வர்ஜீனியாவில் பட்டியல் சிறியது: மூன்று சக்கரம், ஸ்டீயரிங் வீல், கால் போட்டு உட்காராத சீட், மோட்டார்சைக்கிளுக்கான மத்தியத் தரம். ஒஹாயோ 'கேபின் மூடிய மோட்டார்சைக்கிள்' என்று ஒரு தனி வகையே வைத்திருக்கிறது.

ஒரு சொல் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு டெக்சஸ் உதாரணம். பொலாரிஸ் நிறுவனத்தின் கூரையில்லாத மூன்று சக்கர வண்டி ஸ்லிங்ஷாட் 2014-ல் சந்தைக்கு வந்தபோது, மோட்டார்சைக்கிளுக்குச் சேணம் இருக்க வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டம் சொன்னது. ஸ்லிங்ஷாட்டில் இருந்தது பக்கெட் சீட். அந்த ஒரு காரணத்தால் பதிவு நிறுத்தப்பட்டது. பிறகுதான் வழி திறந்தது. மற்ற மாநிலங்கள் எல்லாம் ஏற்றுக்கொண்ட வண்டி என்பது உங்கள் மாநிலத்தில் எதையும் நிரூபிக்காது.

ஹேண்டில்பார் விஷயத்தில் கவனம் தேவை. ஆரிகன் மாநிலத்தின் யூஜீனில் தயாரான ஆர்சிமோட்டோ எஃப்யுவி என்ற மூன்று சக்கர மின்சார வண்டிக்குக் கூரை உண்டு, பெல்ட் உண்டு, ஒருவர் பின் ஒருவராக இரண்டு சீட் உண்டு. திருப்புவது மட்டும் ஹேண்டில்பாரால். ஸ்டீயரிங் வீல் கட்டாயம் என்று எழுதிய மாநிலத்தில் அது ஆட்டோசைக்கிளுக்கு வெளியே நின்றுவிடும். பைக் லைசன்ஸ் கேட்பார்கள்.

மூன்றாவது: லைசன்ஸ்

இங்கே முதலில் எழுத்துக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண கார் லைசன்ஸ் கலிஃபோர்னியா, டெக்சஸ், பென்சில்வேனியாவில் 'சி' வகுப்பு. நியூயார்க், இல்லினாய், மாசசூசெட்ஸில் 'டி' வகுப்பு. ஃபுளோரிடாவில் 'ஈ' வகுப்பு. பைக்குக்குப் பெரும்பாலும் 'எம்'. வேறு மாநில நண்பர் "சி வகுப்பு போதும்" என்றால் அதை உங்கள் மாநில எழுத்துக்கு மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்று பெரும்பாலான மாநிலங்களில், ஆட்டோசைக்கிள் இலக்கணத்தில் பொருந்தும் வண்டிக்குக் கார் லைசன்ஸ் போதும். கலிஃபோர்னியா இன்னும் தாராளம். அங்கே மூன்று சக்கர மோட்டார்சைக்கிளையே 'சி' வகுப்பில் ஓட்டலாம், ஸ்டீயரிங் வீல் கேள்வியே எழாது. நியூயார்க்கும் மாசசூசெட்ஸும் நெடுங்காலம் 'எம்' கேட்டுவந்த மாநிலங்கள். இவற்றைப் பற்றிய பழைய பட்டியல்கள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன, தேதி பார்க்காமல் நம்ப வேண்டாம்.

'எம்' தேவைப்பட்டால், இரண்டு சக்கரத்தில் விழுந்து எழுந்து தேர்வு எழுத வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. மூன்று சக்கரத்துக்கு மட்டும் செல்லும்படி லைசன்ஸ் தரும் மாநிலங்கள் உண்டு. வர்ஜீனியாவில் அது 'எம்3'. பென்சில்வேனியாவில் 'எம்' வகுப்போடு '9' என்ற கட்டுப்பாட்டு எண் சேரும். மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் மூன்று சக்கரத்துக்கென்றே தனிப் பயிற்சி வகுப்பை வடிவமைத்திருக்கிறது. அது நடக்கும் இடத்தை மாநிலப் போக்குவரத்துத் துறைத் தளத்தில் பார்க்கலாம். பைக் ஓட்டத் தெரிந்தவருக்கும் இந்த வகுப்பு உதவும், ஏனென்றால் பைக்கில் உடலைச் சாய்த்துத் திரும்பிய பழக்கம் இங்கே எடுபடாது. இன்னொன்று: சிக்னலில் நிற்கும் கார்களிலிருந்து சொட்டும் எண்ணெய் லேனின் நடுவில்தான் தேங்கும். காருக்கு அது இரு சக்கரத்துக்கும் இடையில் போய்விடும். உங்கள் ஒற்றைச் சக்கரம் சரியாக அதன் மேல்தான் ஓடும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் அந்தக் கறுப்புப் பட்டையில் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள்.

இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் லைசன்ஸில் மூன்று சக்கர வண்டிக்கென்று பதிந்திருக்கும் அனுமதி இங்கே எந்த வகுப்பாகவும் மாறாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்பது லைசன்ஸின் மொழிபெயர்ப்பு மட்டுமே. குடியேறிய பின் உள்ளூர் லைசன்ஸ் எடுக்கும் கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு: கலிஃபோர்னியாவில் 10 நாள், டெக்சஸில் 90 நாள். முதலில் சாதாரணக் காரில் தேர்வு கொடுத்து லைசன்ஸ் வாங்கிவிடுங்கள். ஒற்றை சீட் வண்டியில் தேர்வாளர் உட்கார இடம் ஏது?

நான்காவது: ஹெல்மெட்

வயது வித்தியாசமின்றி எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயமான மாநிலங்கள் 17: அலபாமா, கலிஃபோர்னியா, ஜார்ஜியா, லூசியானா, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், மிசிசிப்பி, நெவாடா, நியூ ஜெர்சி, நியூயார்க், வட கரோலினா, ஆரிகன், டென்னசி, வெர்மான்ட், வர்ஜீனியா, வாஷிங்டன், மேற்கு வர்ஜீனியா. கூடவே தலைநகர் வாஷிங்டன் டி.சி. இது 2024 தொடக்கத்தின் நிலவரம். 2020-ல் மிசௌரியும், 2024 ஜனவரி 1 அன்று நெப்ராஸ்காவும் பெரியவர்களுக்குத் தளர்த்தி இந்தப் பட்டியலை விட்டு வெளியேறின. இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் மூன்றிலும் ஹெல்மெட் சட்டமே இல்லை. ஆனால் இல்லினாயில் கண்ணுக்குக் காப்பு கட்டாயம். மீதி மாநிலங்கள் வயதை வைத்துப் பிரிக்கின்றன.

இதெல்லாம் பைக்குக்கான பொது விதி. மூடிய மூன்று சக்கரத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று பார்க்க, சட்டத்தில் வண்டியின் உடலை எப்படி வர்ணித்திருக்கிறார்கள் என்று எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும்.

ஃபுளோரிடா, ஜார்ஜியா, ஆரிகன் முதலிய மாநிலங்கள் 'மூடிய கேபினுக்குள் பயணிப்பவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது' என்ற பாணியில் எழுதியிருக்கின்றன. சுருக்கமான வாசகம், ஆனால் எது 'மூடியது' என்று விளக்காததால், சாலையில் நிறுத்தும் போலீஸ்காரரின் பார்வைக்கு இடம் விட்டுவிடுகிறது.

கலிஃபோர்னியா இந்தச் சந்தேகத்துக்கு டேப் வைத்து அளந்து பதில் சொல்கிறது. வாகனச் சட்டம் 27803-ஆம் பிரிவின்படி, வண்டி முழுவதுமாக மூடியிருக்க வேண்டும். நீளம் 7 அடிக்கும் அகலம் 4 அடிக்கும் குறையக் கூடாது. காலி எடை 900 பவுண்டு, அதாவது சுமார் 408 கிலோ, அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். மாநில, மத்தியத் தரங்களுக்கும் உட்பட்டிருக்க வேண்டும். எல்லாம் பொருந்தினால்தான் ஹெல்மெட் வேண்டாம். பாதிக் கதவு வைத்த வண்டி 'முழுவதுமாக மூடியது' ஆகாது. இந்தச் சலுகைக்கு ஒரு விலையும் உண்டு: இவ்வகை வண்டிகள் லேன் கோடுகளின் மேலோ, பக்கத்துப் பக்கத்து லேனில் ஓடும் வண்டிகளுக்கு நடுவிலோ போகக் கூடாது என்று 21714-ஆம் பிரிவு தடுக்கிறது. கலிஃபோர்னியா நெரிசலில் பைக்குகள் கார்களுக்கிடையில் நுழைந்து போவதைப் பார்த்து நீங்களும் நுழைந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

வர்ஜீனியாவின் விலக்கு மூன்று சொற்களில் நிற்கிறது: கழற்ற முடியாத கூரை, முன் கண்ணாடி, மூடிய உடல். கொக்கி போட்டு மாட்டும் கூரை வைத்த வண்டி இதில் தோற்றுவிடும், அன்றைக்குக் கூரை மாட்டியிருந்தாலும் சரி. வட கரோலினாவில் ஆட்டோசைக்கிளின் இருக்கைப் பகுதி முழுதும் மூடியிருந்தால் மட்டும் விலக்கு. டெக்சஸ் நேர் எதிர். கேபினோ, ஆட்கள் உட்காரும் அறை போன்ற பகுதியோ, சீட்டும் பெல்ட்டும் இருந்தால் போதும். ஹெல்மெட் சட்டத்துக்கு அது மோட்டார்சைக்கிளே அல்ல. ஆக, கூரையே இல்லாத ஸ்லிங்ஷாட் டெக்சஸில் தலைக்கவசமின்றி ஓடலாம். அதே வண்டிக்கு நிழல் கூரை மாட்டி வர்ஜீனியாவுக்குக் கொண்டுபோனாலும் ஹெல்மெட் வேண்டும். கடையில் தனியாக விற்கும் நிழல் கூரைகள் வெயிலுக்குத்தான், சட்டத்துக்கு அல்ல.

திறந்த வண்டி வாங்கி, வயதைக் காட்டித் தப்பலாம் என்று நினைப்பவர்கள் நிபந்தனையின் பின்பாதியையும் படிக்க வேண்டும். ஃபுளோரிடாவில் 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு 10,000 டாலர் மருத்துவக் காப்பீடு வேண்டும். மிஷிகனில் தொகை 20,000 டாலர். அதோடு மோட்டார்சைக்கிள் உரிமம் இரண்டு ஆண்டாக இருக்க வேண்டும், அல்லது பயிற்சி முடித்திருக்க வேண்டும். இப்படி 'எம்' உரிமத்தின் வயதைக் கேட்கும் விதியில், கார் லைசன்ஸ் மட்டும் வைத்து ஆட்டோசைக்கிள் ஓட்டுபவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அவருக்கென்று தனி விலக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

ஹெல்மெட் வாங்கும்போது பின்பக்க லேபிளைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், மாடல், 'டாட்' (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) முத்திரை, எஃப்எம்விஎஸ்எஸ் (மத்திய வாகனப் பாதுகாப்புத் தரம்) எண் 218, சான்றளிக்கப்பட்டது என்ற சொல் எல்லாம் இருக்க வேண்டும். ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஐஎஸ்ஐ ஹெல்மெட் எவ்வளவு நல்லதானாலும் இந்தச் சட்டத்துக்குச் செல்லாது. ஸ்டிக்கரை மட்டும் நம்பவும் கூடாது. போலி ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறது. உள்ளே ஃபோம் ஓர் அங்குலம் அளவு தடிமனாகவும், கையில் எடுத்தால் சுமார் 3 பவுண்டு கனமாகவும் இருப்பது நல்ல அறிகுறி. ஒரு பவுண்டு கூட இல்லாத பிளாஸ்டிக் சட்டி வேஷம். ஹெல்மெட் போட வேண்டிய மாநிலத்தில் கூரை உள்ள வண்டி வாங்கினால், ஷோரூமிலேயே ஹெல்மெட்டை மாட்டி உள்ளே உட்கார்ந்து பாருங்கள். பலருக்குத் தலை கூரையில் இடிக்கும், திரும்பிப் பின்னால் பார்க்க முடியாது.

மாநில எல்லையைத் தாண்டும்போது

லைசன்ஸ் உங்களோடு வரும். ஹெல்மெட் சட்டம் வராது. எந்தச் சாலையில் ஓடுகிறீர்களோ அந்த மாநிலத்தின் சட்டம்தான். தென் கரோலினாவின் ராக் ஹில்லில் 21 வயது கடந்தவர் திறந்த ஸ்லிங்ஷாட்டில் வெறுந்தலையோடு கிளம்பலாம். ஐ-77-ல் வடக்கே ஏறி வட கரோலினாவுக்குள் நுழைந்த நொடியில் ஹெல்மெட் வேண்டும். ஆளுக்கொரு ஹெல்மெட் வண்டியில் எப்போதும் கிடக்கட்டும்.

விலக்கு தரும் சட்டப் பிரிவை ஒரு தாளில் அச்சடித்து, பதிவுச் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகள் அரிது. நிறுத்துபவருக்கும் விதி மனப்பாடமாக இருக்காது. வாதாடுவதைவிடத் தாளை நீட்டுவது வேலை செய்யும். அதற்கும் மசியாமல் சீட்டு எழுதினால் வாங்கிக்கொண்டு, வண்டியின் நான்கு பக்கமும் கதவு மூடிய நிலையில் படம் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்தில் பேசுங்கள்.

டைட்டில், காப்பீடு, பழைய வண்டி

புது வண்டிக்குத் தயாரிப்பாளரின் மூலச் சான்று, பழையதற்கு முந்தைய உரிமையாளர் கையெழுத்திட்ட டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம். இரண்டிலும் வின் எண்ணை லேபிளோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். டைட்டிலில் வண்டி வகை தவறாகக் 'கார்' என்று ஏறியிருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். பின்னால் புகைச் சோதனையிலும் காப்பீட்டிலும் அது வம்பு இழுக்கும்.

காப்பீடு பெரும்பாலும் மோட்டார்சைக்கிள் பாலிசியாகத்தான் எழுதப்படும். இதில் ஃபுளோரிடாவாசிகளுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது: அங்கே தவறு யாருடையதானாலும் சொந்த மருத்துவச் செலவைத் தரும் கட்டாயக் காப்பீடு நான்கு சக்கரமோ அதற்கு மேலோ உள்ள வண்டிகளுக்கு எழுதப்பட்டது. மூன்று சக்கரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மருத்துவச் செலவுக்கான பகுதியைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். குழந்தை இருக்கை வைக்கப்போகிறவர்கள் கையேட்டை முதலில் படியுங்கள். காரில் இருக்கும் குழந்தை இருக்கைக் கொக்கிகள் இவற்றில் கட்டாயமில்லை.

இந்தத் தொழிலில் நிறுவனங்கள் நீடிப்பது அபூர்வம். எலியோ மோட்டார்ஸ் ஆண்டுக்கணக்காக முன்பணம் வாங்கியது. பல மாநிலங்கள் ஆட்டோசைக்கிள் சட்டம் எழுதியதில் அதன் முயற்சிக்குப் பங்குண்டு. வண்டி மட்டும் வாடிக்கையாளர் கைக்கு வரவில்லை. எலக்ட்ராமெக்கானிக்கா நிறுவனத்தின் ஒற்றை சீட் மின்சார வண்டி சோலோ, ஓடும்போதே சக்தி அறுந்துபோகும் கோளாறால் 2023-ல் திரும்ப அழைக்கப்பட்டது. விற்ற வண்டிகளையெல்லாம் நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. ஆகவே பழைய வண்டி என்றால், வின் எண்ணைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் போட்டு, தீராத ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள். முன் கண்ணாடி, கதவு ரப்பர், பேட்டரி எங்கே கிடைக்கும் என்றும் கேளுங்கள். கதவு உடைந்து மாற்றுக் கதவு கிடைக்காவிட்டால், கலிஃபோர்னியாவில் அன்றே ஹெல்மெட் விலக்கும் போய்விடும்.

நம்மூர் ஆட்டோவையே கொண்டுவந்தால்?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். 25 ஆண்டு ஆன வண்டிக்கு மத்தியப் பாதுகாப்புத் தரங்களிலிருந்து விலக்கு உண்டு. சுற்றுச்சூழல் துறைக்கு 21 ஆண்டு, எஞ்சின் மாற்றப்படாமல் இருக்க வேண்டும். சுங்கத்தில் எச்எஸ்-7, 3520-1 என்ற இரு படிவங்களை நிரப்ப வேண்டும். தயாரித்த மாதத்துக்கு ஆதாரம் இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே நிற்கும், ஆகவே ஆர்சி புத்தகமும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும். கலிஃபோர்னியாவின் புகை விதிகள் தனிக் கதை. அங்கே இருப்பவர்கள் வண்டியைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன் மாநில டிஎம்வியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வந்து இறங்கிய ஆட்டோவுக்கு இருப்பது ஹேண்டில்பார்; பெல்ட் கிடையாது, இரு பக்கமும் திறப்பு. ஆட்டோசைக்கிள் இலக்கணம் எதிலும் பொருந்தாது, முழு மோட்டார்சைக்கிள். எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயமான மாநிலத்தில், ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, பின் சீட்டில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் ஹெல்மெட் வேண்டும். கல்யாண ஊர்வலத்துக்குத்தான் என்றால், போலீஸ் அனுமதியோடு மூடிய தெருவிலோ தனியார் வளாகத்துக்குள்ளோ ஓட்டிக்கொள்வது எளிது.